வீடு கட்டித் தருபவரின் வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வீடு கட்டுகிறவர் படும் பாட்டை அந்தப் பழமொழி ஆறே சொற்களில் சொல்லி விடுகிறது. ஆனால் அது வீட்டுச் சொந்தக்காரரின் பாடு. வெயிலிலும் சாரலிலும் நின்று அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கும் கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு பாடு உண்டு. அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. அதைச் சொல்லும் பழமொழி நம் நாவில் எளிதில் வருவதில்லை.

அன்புள்ள வாசகர்களே! நீங்கள் எந்தக் கூரையின் கீழ் அமர்ந்து இவ்விதழைப் படிக்கிறீர்களோ, அந்தக் கூரையை எழுப்பியவரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்? அவருக்கு எத்தனை பிள்ளைகள்? கடைசித் தவணைப் பணம் அவருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? இக்கேள்விகளைக் கொஞ்சம் உள்ளத்தில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

பள்ளத்தாக்கில் எழும் வீடுகள்

மேற்கே ஏலக்காய் மலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையே விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் வரிசையாக அமைந்து தேனியில் வந்து முடிகின்றன. 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தேனி தனி மாவட்டமானது. அதன்பின் தேனி நகரும் சுற்றுப்புறமும் வளர்ந்த வேகத்தை அங்கே வாழ்வோர் அறிவார்கள். நெல் விளைந்த வயல்களில் மனை எல்லைக் கற்கள் முளைத்தன.

இந்த மண்ணின் செழிப்பே ஒரு கட்டுமானத்தால் வந்ததுதான். பென்னிகுவிக்கின் பொறுப்பில் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைச் சொல்கிறோம். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையில் எழுந்தது அந்த அணை. சுட்ட செங்கல்லைப் பொடித்துச் சேர்ப்பதே சுர்க்கி. மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிப் பள்ளத்தாக்கின் வயல்களை இருபோகம் விளைய வைத்தது அது. பென்னிகுவிக்கின் பெயரை இப்பகுதி மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நன்றி மறவாத மக்கள்! ஆனால் அந்தக் காட்டில் கல்லைச் சுமந்தவர்களும், காரையைப் பூசியவர்களும், காய்ச்சலில் மாண்டவர்களும் பெயரில்லாமலே போய் விட்டார்கள். கட்டியவரை மறப்பது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

வயலும் திராட்சைத் தோட்டமும் ஏலக்காய் வணிகமும் தந்த பணம் வீடாக மாறியது. அரபு நாடுகளுக்குச் சென்ற மகன் அனுப்பிய பணமும் வீடாக மாறியது. பழைய நாட்டு ஓட்டு வீடுகளும் மச்சு வீடுகளும் இருந்த ராவுத்தர் தெருக்களில் இன்று இரண்டு மாடிக் கான்கிரீட் வீடுகள் நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கட்டியவர்கள் பெரிய நிறுவனத்தார் அல்லர். பக்கத்துத் தெரு மேஸ்திரிதான்.

சித்தாளிலிருந்து மேஸ்திரி வரை

அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் ஒரே வழியில் செல்கிறது. பள்ளிப் படிப்பு பாதியில் நிற்கிறது. அத்தாவுடனோ மாமனுடனோ வேலைக்குப் போகிறார். முதலில் செங்கல் எடுத்துக் கொடுப்பதும் கலவை சுமப்பதும் வேலை. சில ஆண்டுகளில் கையில் கரண்டி ஏறுகிறது. தூக்குக் குண்டும் ரசமட்டமும் மூலைமட்டமும் பிடிக்கப் பழகுகிறார். கொத்தனார் என்ற பெயர் கிடைக்கிறது. கணக்கும் பேச்சுச் சாதுரியமும் கைவந்தால் நாலு கொத்தனார், ஐந்தாறு சித்தாள்களைச் சேர்த்துக் கொண்டு மேஸ்திரியாகிறார். ஊர் அவரைக் 'காண்ட்ராக்டர்' என்கிறது.

பெண்களுக்கோ இந்தப் படிக்கட்டு முதற்படியிலேயே முடிந்து விடுகிறது. இருபது வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாளாகவே கலவைச் சட்டியைத் தலையில் சுமக்கிறார். கரண்டியை அவர் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

காண்ட்ராக்டர் என்ற பெயர் பெரிது; வருமானம் எப்படி என்று பார்ப்போம். கணக்குப் புரிவதற்காக ஒரு தொகையை வைத்துக் கொள்வோம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கட்டுக்கூலி மட்டும் சதுர அடிக்கு 400 ரூபாய் என்று பேச்சு முடிகிறது. மொத்தம் நான்கு லட்சம். அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு, தரை என்று கட்டம் கட்டமாகப் பணம் வர வேண்டும். ஆனால் ஆட்களுக்கு வாரக்கூலி சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரரின் பணம் தாமதமானாலும் சனிக்கிழமை தாமதமாவதில்லை. அன்று மாலை மேஸ்திரியின் மனைவியுடைய வளையல் அடகுக் கடைக்குப் போகிறது.

வேலை நடக்கும்போதே "மேஸ்திரி, அப்படியே அந்தப் பரணையும் போட்டு விடுங்க, வாசலில் ஒரு திண்ணையும் வைத்து விடுங்க" என்ற குரல் வருகிறது. அதற்குத் தனிக்கூலி பேசப்படுவதில்லை. மணலும் கம்பியும் வந்து சேராமல் நாலு நாள் வேலை நின்றால், அந்த நாலு நாளும் அவர் தலையில்தான் விழுகின்றன. கடைசியில் குடிபுகும் நாள் வருகிறது. பிரியாணி மணக்கிறது. "அந்த மூலையில் கொஞ்சம் விரிசல் தெரிகிறதே, பார்த்துக் கொண்டு மீதியைத் தருகிறேன்" என்று பத்தில் ஒரு பங்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. நான்கு லட்சத்தில் அது நாற்பதாயிரம். மற்றதெல்லாம் ஆட்களின் கூலியாகப் போய் விட்டது. அந்த நாற்பதாயிரம்தான் அவருடைய பல மாத உழைப்பின் மிச்சம். அவருடைய மகளின் கல்லூரிக் கட்டணம். அடகில் இருக்கும் அந்த வளையல்.

அந்த வீட்டுக்குள்ளே

பிறருக்கு இருபது வீடு கட்டியவர் தாம் வாடகை வீட்டில் இருப்பதை நம் ஊர்களில் காணலாம். சொந்த இடம் இருந்தாலும், பூசாத செங்கற்சுவரும் தகரக் கூரையுமாக அது பாதியில் நிற்கும். "அத்தா, நம்ம வீட்டை எப்பக் கட்டுவீங்க?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்த வேலை முடியட்டும் என்பார். அந்த வேலை முடிந்ததும் அடுத்தவர் வீட்டு வேலை தொடங்கி விடும்.

பள்ளத்தாக்கில் ஆடிச் சாரலும் உண்டு. ஐப்பசி அடைமழையும் உண்டு. மழை நாட்களில் கட்டுவேலை ஓய்கிறது. அடுப்பு ஓய்வதில்லை. மழைக்கால மளிகைக் கடனைக் கோடைக்காலக் கூலியில் அடைப்பதே அந்த இல்லத்தரசியின் ஆண்டுக் கணக்கு. சிமென்ட் பட்டுப் பட்டுக் கணவரின் கைத்தோல் வெடிக்கிறது. மூட்டும் இடுப்பும் ஐம்பது வயதிலேயே அறுபதாகி விடுகின்றன. சாரத்தில் ஏறுகிறவர் இறங்கி வரும்வரை அவர் மனைவியின் நெஞ்சில் ஒரு துடிப்பு இருந்து கொண்டே இருக்கிறது.

ஒரு நாள் சாரத்தின் கயிறு அவிழ்ந்தால்? உயிர் பிழைத்தாலும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் தொழிலாளிக்கு யார் பொறுப்பு? சொந்தக்காரர் மேஸ்திரியைக் கை காட்டுவார். மேஸ்திரி விதியைக் கை காட்டுவார். எழுத்தில் எதுவுமே இல்லாததால் எல்லோரும் எளிதாக விலகிக் கொள்ளலாம். அந்தக் குடும்பம் மட்டும் எங்கும் விலகிப் போக முடியாது.

மலைக்கு அப்பால் ஒரு கட்டுநர்

குமுளி கடந்து வண்டிப்பெரியாறு வழியாக மேற்கே சென்றால் வாகமண் வரும். வீடு கட்டும் தொழிலை வேறு விதமாகவும் நடத்தலாம் என்று காட்டிய ஒருவர் 1960களில் அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார். லாரி பேக்கர் என்பது அவர் பெயர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர். தொழுநோயாளர்களுக்கான பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். மனைவி நோயாளிகளைக் கவனிக்க, கணவர் மருத்துவமனையும் பள்ளியும் வீடும் கட்ட, இமயமலையின் பித்தோராகரில் பல்லாண்டுகள் கழிந்தன. அங்கிருந்துதான் வாகமண் வந்தார்கள். பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்தார்கள். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007இல் மறைந்தார்.

அவர் பெரிய அலுவலகம் வைத்துக் கொள்ளவில்லை. கிடைத்த காகிதத்தில் படம் வரைந்து, வேலையிடத்திலேயே நின்று, கொத்தனாரோடும் தச்சரோடும் பேசிக் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்றிடைவெளி விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். அதனால் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது, வெப்பமும் குறைகிறது. இத்தகைய சுவருக்குத் தேர்ந்த கை வேண்டும். ஆகவே செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் போகும் பணத்தில் ஒரு பகுதி, தொழில் தெரிந்த கொத்தனாரின் கூலியாகத் திரும்புகிறது. தம் சொந்த வீட்டையும் அவர் ஒரே மூச்சில் கட்டவில்லை. தேவைக்கும் வசதிக்கும் ஏற்ப ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். கடன்பட்டுப் பகட்டாக வீடு கட்டுவதைப் பெருமையென எண்ணும் நமக்கு இதில் பாடம் உண்டு. பகட்டுக்குப் பணம் போதாமற்போகும்போது முதலில் நிறுத்தப்படுவது கூலிதானே!

மார்க்கம் காட்டும் வழி

சகோதர சகோதரிகளே! கட்டுவேலை நம் மார்க்கத்தில் இழிந்த தொழிலா? கஅபாவின் அடித்தளத்தை உயர்த்தியவர்கள் இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல் (அலை) அவர்களும் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. மகன் கல் எடுத்துக் கொடுக்க, தந்தை கட்டினார் என்று ஹதீஸ் விளக்குகிறது. நம் மொழியில் சொன்னால் தந்தை கொத்தனார்; மகன் சித்தாள். கி.பி. 622இல் மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது அண்ணலார் (ஸல்) அவர்களே தோழர்களோடு சேர்ந்து கற்களைச் சுமந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு கல்லாகச் சுமக்க, அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். சுட்டெடுக்காத மண்கல் சுவர், பேரீச்ச மரத் தூண், ஓலைக் கூரை; அவ்வளவுதான் அந்தக் கட்டடம்.

கூலியைப் பற்றியும் மார்க்கம் தெளிவாகப் பேசுகிறது. வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை நபிமொழியில் வந்துள்ளது. மத்யனில் மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்தபோது எட்டு ஆண்டா பத்து ஆண்டா என்று தவணை பேசப்பட்டது; கடுமை காட்ட மாட்டேன் என்று வேலை கொடுத்தவர் உறுதி கூறினார்; இருவருக்கும் இறைவன் சாட்சியானான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சியும் வைத்துக் கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. அதை ஓதுகிற நாம், பல லட்ச ரூபாய் வேலையை "நமக்குள் என்ன எழுத்து" என்று வாய்ப்பேச்சில் தொடங்குகிறோம்!

சட்டம் தந்திருக்கும் கை

உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், தச்சர், வண்ணம் பூசுபவர் என எல்லோரும் இதில் பதிவு செய்து கொள்ளலாம். பிள்ளைகளின் கல்விக்கும், திருமணத்துக்கும், மகப்பேற்றுக்கும் உதவி உண்டு. விபத்தில் உயிரோ உறுப்போ போனால் இழப்பீடு உண்டு. அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. 1996இல் மத்திய அரசும் கட்டுமானத் தொழிலாளர்களுக்கெனச் சட்டம் இயற்றி, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயை அவர்கள் நலனுக்காகத் தீர்வையாகப் பெறும் முறையைக் கொண்டு வந்தது. தமக்கென வீடு கட்டுவோருக்கு ஓர் எல்லை வரை விலக்கும் அளித்தது. அதே ஏற்பாடு 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம் பெற்றுள்ளது.

இவ்வளவு இருந்தும், பதிவு செய்யாதவர்களும், பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து அலுவலகம் செல்ல வேண்டுமே என்ற தயக்கம் ஒன்று. விண்ணப்பம் நிரப்பத் தெரியாத கூச்சம் மற்றொன்று. ஜமாஅத்துகள் இங்கே முன்வரலாம். உத்தமபாளையத்தில் 1956ஆம் ஆண்டிலேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியைக் கண்ட சமுதாயம் நம்முடையது. படித்த நம் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து, எந்தச் சமயத்தவர் வந்தாலும் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அதைவிடச் சிறந்த தர்மம் எது?

வீடு கட்டப் போகிறவர்களே!

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை சதுர அடி, என்ன கூலி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு, சாரத்துக்கும் பாதுகாப்புக்கும் யார் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சனிக்கிழமைக்கு முந்திய நாளே பணத்தை ஏற்பாடு செய்யுங்கள். குறை இருந்தால் அந்தந்தக் கட்டத்திலேயே சொல்லுங்கள். கடைசித் தவணையைப் பிணையாகப் பிடித்து வைக்காதீர்கள். ஆட்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குடிபுகும் நாளில் அவர்களையும் குடும்பத்தோடு அழைத்து, முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

மேஸ்திரி சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். ஒருவர் வீட்டு முன்பணத்தை வாங்கி இன்னொருவர் வீட்டு வேலையை முடிக்கும் பழக்கம் உங்களையே கவிழ்த்து விடும். சிமென்டைக் குறைத்துக் கலப்பதும், கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்டாமல் விடுவதும் அமானிதத்தில் செய்யும் மோசடி. உங்கள் சித்தாளின் கூலியும் வியர்வையின் கூலிதான். அதையும் நீங்கள் நிறுத்தி வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேலையிலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, உங்கள் சொந்தச் சுவருக்கு ஆண்டுக்கு ஒரு வரிசைக் கல்லாவது வையுங்கள்.

திருக்குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு சுவர் வருகிறது. பசித்து வந்தவர்களுக்கு உணவளிக்க மறுத்த ஊர் அது. அங்கே விழப்போகும் நிலையில் நின்ற ஒரு சுவரை மூஸா (அலை) அவர்களோடு சென்ற பெரியவர் நிமிர்த்திக் கட்டினார். இதற்கு நீங்கள் கூலி பெற்றிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்டார்கள். அச்சுவர் அநாதைச் சிறுவர் இருவருக்கு உரியது. அதன் கீழே அவர்களுக்கான புதையல் இருந்தது. அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார். சிறுவர்கள் வளர்ந்து தம் உரிமையை எடுத்துக் கொள்ளும்வரை அது காக்கப்பட வேண்டும் என்று இறைவன் நாடினான்.

நல்ல தந்தையின் பிள்ளைகளுக்காக ஒரு சுவரைத் தாங்கி நிறுத்தும் கடமை நமக்கும் இருக்கிறது. நம் வீட்டுச் சுவரை எழுப்பியவரின் பிள்ளைகளுக்கு உரிய பணம் இன்னும் நம் பெட்டியில் இருக்குமானால், இந்தச் சனிக்கிழமைக்குள் அதைக் கொடுத்து விடுவோம். நம் இல்லங்களிலும் அவற்றைக் கட்டியவர்களின் இல்லங்களிலும் வல்ல இறைவன் பரக்கத்தைப் பொழிவானாக! ஆமீன்.